கண்ணாடி மாளிகையும் பாட்டியின் மங்கும்



போன தவணை விடுமுறையில் இந்தப் பக்கத்தை எழுதும் டீச்சர் எங்கே போனார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். "டீச்சரம்மா வெளிநாடு போயிட்டு வந்துட்டாங்களாம்" என்று எங்கள் தோட்டத்துக் கடையிலும் பேச்சாம். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. போனது உண்மைதான். கண்டதையும், கண்ட பிறகு மனத்தில் முள்ளாய்த் தைத்த ஒன்றையும் இந்த இதழில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி இப்போது ஜெர்மனியில், மூனிக் நகரில் பொறியியலாளராக வேலை செய்கிறாள். அவளுடைய அம்மாவும் என் அம்மாவும் அடுத்தடுத்த நிரையில் பால்மரம் வெட்டியவர்கள். "டீச்சர், நீங்க ஒரு தடவையாவது வந்து பாக்கணும்" என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த ஆண்டு விமானச் சீட்டையே அனுப்பிவிட்டாள். மறுத்தால் அவள் மனம் நோகும் என்று புறப்பட்டேன்.

அங்கே அவள் என்னை அழைத்துப் போன ஊர்களில் ஒன்று பஸ்ஸாவ். மூனிக்கிலிருந்து இரயிலில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். ஆஸ்திரிய நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். செக் நாட்டு எல்லையும் வடக்கே அதிகத் தொலைவில் இல்லை.

மூன்று நிறத்து ஆறுகள்

பஸ்ஸாவை மூன்று ஆறுகளின் ஊர் என்பார்கள். பெரிய ஆறு டான்யூப். தெற்கே ஆல்ப்ஸ் மலைப் பனி உருகி வரும் இன் ஆறு பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். வடக்கே காட்டுச் சதுப்பு நிலங்களிலிருந்து வரும் இல்ஸ் ஆறு சிறியது. அதன் தண்ணீர் கறுப்பு. மூன்றும் ஊரின் முனையில் ஒன்று சேருகின்றன. அந்த முனையில் நின்று பார்த்தால், கலந்த பிறகும் சிறிது தூரம் வரை அவரவர் நிறத்தை விட்டுக்கொடுக்காமல் ஓடுவது தெரிகிறது. ஒரே லயத்தில் வாழ்ந்தும் அவரவர் ஊர்ப் பேச்சை விடாத நம் பாட்டிமார்கள் என் நினைவுக்கு வந்தார்கள்.

மூன்று ஆறுகள் கூடினால் அழகு மட்டுமா கூடும்? வெள்ளமும் கூடும். நகராட்சி மன்றத்தின் கோபுரச் சுவரில் பழைய வெள்ளங்களின் அளவைக் கோடு போட்டு, ஆண்டையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1954இல் வந்தது ஒரு கோடு. 2013 ஜூன் மாதம் 12.89 மீட்டர் உயர்ந்தது ஒரு கோடு. 1501ஆம் ஆண்டுக்குப் பிறகு அவ்வளவு பெரிய வெள்ளம் வந்ததில்லையாம். அந்தக் கோட்டின் கீழ் நின்று கையைத் தூக்கிப் பார்த்தேன், எட்டவில்லை. 2013 வெள்ளம் வடிந்ததும் பல்கலைக்கழக மாணவர்கள் தாங்களாகவே கூட்டம் கூட்டமாகத் திரண்டு வந்து, வீடு வீடாகச் சேறு அள்ளிக் கொட்டினார்களாம். 2014இல் நம் கிளந்தானில் வெள்ளம் வந்தபோது பார்த்த காட்சிகள் கண்முன் வந்தன. சேறு எந்த நாட்டிலும் ஒன்றுதான். அதை அள்ள வரும் கைகளும் ஒன்றுதான்.

பட்டிருந்த துன்பத்தைக்கூட அழித்துவிடாமல் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்களே என்று அப்போதே எண்ணினேன். அந்த எண்ணம் அன்று முழுவதும் என்னை விடவில்லை.

கண்ணாடி மாளிகை

அதே சதுக்கத்தில் ஒரு பழைய விடுதி இருக்கிறது. 1862இல் ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் அங்கே தங்கியிருக்கிறார். அந்தக் கட்டடத்தில்தான் கண்ணாடி அரும்பொருளகம் இருக்கிறது. 1985இல் அதைத் திறந்து வைத்தவர் நிலவில் முதன்முதல் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங். உருவாக்கியவர் கேயோர்க் ஹோல்ட்டில் என்பவர். அவர் அரசரும் அல்லர், பிரபுவும் அல்லர். பேருந்துப் பயண நிறுவனம் நடத்தியவர்.

உள்ளே நுழைந்தால் அறைக்குப் பின் அறை, மாடிக்கு மேல் மாடி. எல்லாம் கண்ணாடி. ஏறத்தாழ 30,000 பொருள்கள் கொண்ட சேகரிப்பு அது. பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மூன்று நூறு ஆண்டுக் கால வேலைப்பாடு. பெரும்பகுதி பொஹீமியாவில் செய்தவை. பொஹீமியா என்பது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதி.

இரத்தச் சிவப்பில் கிண்ணங்கள். சில வகைச் சிவப்புக் கண்ணாடிக்குத் தங்கத்தையே துளி கலப்பார்களாம். ஆழ்ந்த நீலத்துக்குக் கோபால்ட். மஞ்சளும் பச்சையுமாய் மினுங்கும் ஒரு வகைக்கு யுரேனியம். ரீடல் என்ற முதலாளி அந்த நிறத்துக்குத் தம் மனைவி அன்னாவின் பெயரைச் சூட்டினார். எகர்மன் என்பவர் 1777இல் பிறந்தவர். கண்ணாடியைக் கண்டால் பளிங்குக் கல்லோ என்று மயங்கும்படி செய்தவர். மயில் கழுத்துப் போல நிறம் மாறும் குடுவைகளின் முன்னால் நான் நீண்ட நேரம் நின்றேன். அவை லோட்ஸ் தொழிற்சாலையில் செய்தவை. அதன் முழுப்பெயரைத் தமிழில் சொன்னால் 'யோஹான் லோட்ஸின் விதவை' என்றாகும். யோஹான் மறைந்த பின் அவருடைய மனைவி சூசன்னா இருபது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கட்டிக் காத்து, 1879இல் பேரன் கையில் ஒப்படைத்தார். மயில் கழுத்துக் குடுவைகள் அந்தப் பேரன் காலத்தில் செய்தவை. ஆனாலும் பெயர்ப் பலகையில் பாட்டியின் அடையாளம் அப்படியே நின்றது. நம் சகோதரிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக்குப் பின்னால் காடு

இவ்வளவு அழகும் எதிலிருந்து வந்தது தெரியுமா? மணலும் சாம்பலும்!

வெண்மணலைத் தனியே உருக்க 1,700 டிகிரி அளவுக்கு வெப்பம் வேண்டும். பழைய விறகு உலைகளில் அது முடியாத காரியம். மரத்தைச் சுட்டு, அந்தச் சாம்பலிலிருந்து பொட்டாசு என்ற உப்பை எடுத்து மணலோடு கலந்தால் குறைந்த வெப்பத்திலேயே மணல் உருகிவிடும். சுண்ணாம்பும் சேர்த்தால் கண்ணாடி உறுதிப்படும். ஆனால் ஒரு கிலோ பொட்டாசு எடுக்கப் பல நூறு கிலோ மரத்தைச் சுட வேண்டும். உலை எரிக்க விறகு வேறு. ஆகவே கண்ணாடிப் பட்டறைகள் நகரத்தில் இல்லை. பொஹீமியாவிலும் பவேரியாவிலும் அடர்ந்த காட்டுக்குள் இருந்தன. சுற்றிலும் உள்ள காடு தீர்ந்ததும் பட்டறை வேறு காட்டுக்கு நகர்ந்துவிடும். தொழிலாளரும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் போவார்கள்.

அவர்கள் குடியிருந்தது பட்டறையைச் சுற்றி, பட்டறை முதலாளிக்குச் சொந்தமான வீடுகளில். உலை எரிந்தால் வேலையும் உண்டு, கூரையும் உண்டு. உலை அணைந்தால் இரண்டும் போயின. இதை என் மாணவி எனக்கு விளக்கிக்கொண்டு வந்தபோது, "இது நம்ம கதைதானே?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "ஆமாம் டீச்சர், அதுக்காகத்தான் உங்களை இங்கே கூட்டிட்டு வந்தேன்" என்றாள்.

சிறு பையன்களுக்கும் அங்கே வேலை இருந்தது. ஊதி முடித்த கண்ணாடியை அப்படியே வெளியில் வைத்தால் வெடித்துவிடும். மெல்ல மெல்ல ஆற வேண்டும். அதற்கென்று தனி அடுப்பு உண்டு. உலைக்கும் அந்த அடுப்புக்கும் இடையே சூடான கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது பையன்களின் வேலை. கண்ணாடியைச் சாணை பிடித்து மெருகிட்டவர்களின் நெஞ்சில் கல் தூசு படிந்து நோயாளி ஆக்கியது. விடியுமுன் அம்மாவோடு மரத்தடிக்குப் போய் மங்கு துடைத்துவிட்டு, பால் வாசத்தோடு பள்ளிக்கு ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அந்தப் பையன்களைப் பற்றிக் கேட்டபோது எனக்குக் காடும் உலையும் தெரியவில்லை. கொசுவர்த்தியும் இருட்டும்தான் தெரிந்தன.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். அலமாரிகளில் இருந்த குறிப்புகளில் தொழிற்சாலையின் பெயர் இருந்தது. வடிவம் வரைந்தவரின் பெயர் இருந்தது. ஊதியவர் யார், சாணை பிடித்தவர் யார் என்பது நான் பார்த்த அறைகளில் அநேகமாக இல்லை. மூச்சைக் கொடுத்து அந்தக் குடுவைக்கு வயிறு உண்டாக்கியவன் பெயர் இல்லாமல் போய்விட்டான்.

மூக்குப்பொடிக் குப்பி

வெளியே வந்து குறுகலான தெருக்களில் நடந்தோம். செயின்ட் ஸ்டீபன் பேராலயத்தைப் பார்த்தோம். 1662இல் ஊரே தீப்பற்றி எரிந்தபோது அதுவும் எரிந்து, பிறகு புதிதாய் எழுந்தது. உள்ளே இருக்கும் குழலிசைப் பெட்டி உலகப் புகழ் பெற்றது. 17,974 குழாய்கள் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். நாங்கள் போனது இசை நேரமன்று. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். டான்யூபின் எதிர்க்கரையில், குன்றின் மேல் 1219இல் ஆயர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை நிற்கிறது. ஏறிப் போனால் மூன்று ஆறுகளையும் ஒருசேரக் காணலாம்.

திரும்பி வரும் வழியில் பழம்பொருள் கடை ஒன்றின் ஜன்னலில் உள்ளங்கை அளவில் ஒரு தட்டையான குப்பி இருந்தது. நீலமும் வெள்ளையும் சுருள் சுருளாய் ஓடும் கண்ணாடி. "இது மூக்குப்பொடி போட்டு வைக்கிற குப்பி, டீச்சர்" என்றாள் மாணவி. பவேரியக் காட்டுப் பகுதியில் ஆண்கள் மூக்குப்பொடி போடுவது வழக்கம். பட்டறைத் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில், உலையில் மிச்சமிருக்கும் கண்ணாடியை எடுத்துத் தங்களுக்கும் நண்பர்களுக்கும் இப்படிக் குப்பிகள் செய்துகொள்வார்களாம். முதலாளிக்குச் செய்ததெல்லாம் அரண்மனைகளுக்குப் போயிற்று. இது ஒன்றுதான் அவன் தனக்காகச் செய்துகொண்டது.

அவள் கடைக்குள் போய்க் கேட்டு வாங்கி என் கையில் வைத்தாள். கனமாய், வழுவழுப்பாய் இருந்தது. "டீச்சர், உங்க வீட்டுச் சாமி மேடையிலே உங்க பாட்டியோட கண்ணாடி மங்கு ஒண்ணு இருக்குமே! திருநீறு போட்டு வச்சிருப்பீங்க. எனக்குக்கூட நெத்தியிலே பூசி விடுவாங்க. இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நான் செய்த தவறு

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பால் மங்கு என்றால் பிளாஸ்டிக் என்று நினைக்காதீர்கள். பீங்கான் மங்கு இருந்தது, அலுமினிய மங்கு இருந்தது, அதற்கும் முன்னால் தடித்த கண்ணாடி மங்கும் இருந்தது. என் பாட்டி மரம் வெட்டிய காலத்து மங்கு ஒன்று எப்படியோ எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, சாமி மேடையில் திருநீற்றுக் கிண்ணமாக நிலைத்துவிட்டது. விளிம்பில் ஒரு சிறு உடைப்பு. அடியில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத பால் கறை.

தோட்டம் பால்மரத்தை அழித்துச் செம்பனைக்கு மாறியபோது நாங்கள் லயத்தைக் காலி செய்தோம். நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்துப் புதிதாய்ச் சம்பளம் வாங்கத் தொடங்கியிருந்தேன். பட்டணத்து ஓரத்தில் வாடகை வீடு. அம்மா ஒரு கோணிச் சாக்கில் உளி, பால் வாளி, காண்டாக் கம்பு, தலையில் கட்டும் விளக்கு, அந்த மங்கு எல்லாவற்றையும் போட்டுக் கட்டியிருந்தார். "இந்தக் குப்பையை எல்லாம் புது வீட்டுக்கு எதுக்கும்மா?" என்று கேட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. பழைய சாமான் வாங்குகிறவர் லாரியோடு வந்தார். சாக்கோடு கொடுத்துவிட்டேன். அவர் எனக்கு மூன்று வெள்ளி கொடுத்தார்.

அம்மா அதைப் பற்றிச் சாகும்வரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பால் வாசம் வேண்டாம், லயம் வேண்டாம், அதிலிருந்து மேலே வந்துவிட்டோம் என்று காட்டிக்கொள்ளும் அவசரம் அன்று எனக்கு. அந்த மங்கு எங்களைக் கீழே இழுப்பதாக நினைத்தேன். எங்களை மேலே ஏற்றியதே அதுதான் என்பது தோன்றவில்லை. பஸ்ஸாவ் நகரத் தெருவில், எவனோ ஒரு காட்டுத் தொழிலாளி தனக்காகச் செய்த பொடிக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அது தோன்றியது. என் மாணவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இடம் பெயர்ந்தவர்கள்

மறுநாள் பேருந்தில் திட்லிங் என்ற சிற்றூருக்குப் போனோம். கண்ணாடி அரும்பொருளகத்தை அமைத்த அதே ஹோல்ட்டில் அங்கேயும் ஒன்று செய்திருக்கிறார். இடிக்கப்பட இருந்த பழைய காட்டுப்புற வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து, ஓர் ஏரிக்கரையில் மறுபடி நிறுத்தி, ஒரு கிராமமாகவே ஆக்கிவிட்டார். நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள். ஏழை உழவன் குடிசை, ஆலை வீடு, மாட்டுக் கொட்டில் எல்லாம் உண்டு. 1666ஆம் ஆண்டுப் பள்ளிக்கூடம் ஒன்றும் இருக்கிறது. ஜெர்மனியிலேயே மிகப் பழைய தொடக்கப் பள்ளிக் கட்டடம் என்கிறார்கள். வாத்தியார் தொழில் செய்பவளுக்கு வேறென்ன வேண்டும்? அதன் வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

பொஹீமியாக் கண்ணாடித் தொழிலாளருக்குப் பிற்காலத்தில் ஒரு பெரிய இடி விழுந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஜெர்மன் மொழி பேசியவர்கள். 1938இல் ஹிட்லரின் ஆட்சி அந்தப் பகுதியைப் பறித்துக்கொண்டது. போர் முடிந்ததும், 1945, 1946 ஆண்டுகளில் ஜெர்மன் மொழி பேசிய மக்கள் இலட்சக் கணக்கில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கையில் எடுத்துவர முடிந்தது ஒரு மூட்டை. ஆனால் தொழில் அவர்கள் விரலிலேயே இருந்தது. காப்லோன்ஸ் என்ற ஊர்க்காரர்கள் பவேரியாவில், பழைய வெடிமருந்துத் தொழிற்சாலை இருந்த இடத்தில் குடியேறிக் கண்ணாடி நகைத் தொழிலை மறுபடி தொடங்கினார்கள். அந்த இடத்துக்கு நோய்காப்லோன்ஸ், அதாவது புதுக் காப்லோன்ஸ் என்றே பெயர். வீடு போயிற்று. தொழிலும் பெயரும் போகவில்லை.

நமக்கும் இடப் பெயர்ச்சி புதிதல்ல. 1950களின் இறுதியிலும் 1960களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எத்தனை குடும்பங்கள் சட்டி பானையோடு சாலையோரம் நின்றன! பிறகு செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. நம் பிள்ளைகள் படித்தார்கள், பட்டணம் போனார்கள். அது வேண்டியதுதான். எந்தத் தாயும் தன் மகள் மரம் வெட்டவேண்டும் என்று நினைக்கமாட்டாள். ஆனால் போகிற அவசரத்தில் பாட்டி, தாத்தாவின் பெயரையும் உழைப்பையும் பழைய சாமான் லாரியில் ஏற்றிவிடக் கூடாது. அரசன் குடித்த கிண்ணத்தைக் காப்பாற்ற ஆயிரம் பேர் வருவார்கள். நம் பாட்டியின் மங்கை நாம் காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்?

எங்கள் பள்ளி அலமாரி

திரும்பி வந்ததும் எங்கள் பள்ளியில் ஒரு காரியம் தொடங்கினேன். நூலக மூலையில் கதவு சரியாய் மூடாத ஒரு பழைய அலமாரி இருந்தது. தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். "உங்க வீட்டுல தாத்தா, பாட்டி வேலை செஞ்ச சாமான் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க" என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

முதல் வாரம் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு பையன் தேய்ந்துபோன உளி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். பிறகு ஒரு பால் வாளி, கிராணி கையெழுத்திட்ட பழைய சம்பளச் சீட்டு, ஒரு தலைவிளக்கு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு தாளில் எழுதி ஒட்டுகிறோம். தோட்டத்தின் பெயரையோ துரையின் பெயரையோ முதலில் எழுதுவதில்லை. வைத்திருந்தவர் பெயர் முதலில். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த நிரையில் வேலை செய்தார் என்பது அடுத்து. தெரியாவிட்டால் பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பெரியவரைக் கேட்டு வரவேண்டும். அப்படிக் கேட்கப் போன ஒரு சிறுமி, "டீச்சர், எங்க பாட்டி இதுவரைக்கும் எங்கிட்ட இவ்வளவு பேசினதே இல்லை" என்றாள்.

கண்ணாடி மங்கு மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கென்று நடுத்தட்டில் ஓர் இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறேன். கீழே தாள் மட்டும் ஒட்டியாகிவிட்டது. அதில் என் பாட்டியின் பெயர் இருக்கிறது.

அன்பர்களே, உங்கள் வீட்டுக் கொல்லையிலோ பரணிலோ ஒரு சாக்கு கிடக்கும். அடுத்த முறை வீடு மாறும்போது, பெருநாளுக்கு வீடு ஒழுங்கு செய்யும்போது, அதை அவிழ்த்துப் பாருங்கள். அம்மா சும்மா இருந்தால் அது சம்மதம் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தடவை கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.